போட்டிப் பாராகிளைடர்: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கத்தில் இருந்து பாராகிளைடிங் கற்றுக்கொண்டு வந்த நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவன். லைன் என்னும் தாங்கு நூல்கள் இரண்டே வரிசையில் உள்ள போட்டி விங்கில், அதாவது துணிச் சிறகில், நான்கு சீசன்களாகப் பறக்கிறேன். இது புதிதாகத் தொடங்குபவருக்கான பாடம் இல்லை. ஏற்கெனவே தனியாகப் பறக்கத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது.

போட்டி விங் சாதாரண விங்கில் இருந்து எதில் வேறுபடுகிறது?

பயிற்சிப் பள்ளியில் கையில் தருவது இஎன் என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தில் ஏ வகை. அதற்கு மேல் பி, சி, டி என்று போகும். விங் மடிந்தால் தானாக எவ்வளவு சீக்கிரம் திறந்து நேராகிறது என்பதை வைத்துத்தான் முக்கியமாக இந்த வகை பிரிப்பு நடக்கிறது. டி வகைக்கும் மேலே போட்டிக்கென்றே இருப்பது சிசிசி வகை.

அந்த வகை வந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2011இல் ஸ்பெயினில் பியத்ராஹித்தா என்ற ஊரில் நடந்த உலகப் போட்டியில் இரண்டு பைலட்டுகள் இறந்தார்கள். போட்டி பாதியில் நின்றது. எந்தச் சான்றும் இல்லாத விங்குகள் அதன் பிறகு தடை செய்யப்பட்டன. போட்டி விங்குக்கும் பலச் சோதனையும் வேக வரம்பும் வேண்டும் என்ற முடிவில்தான் சிசிசி விதிகள் வந்தன.

அமைப்பைப் பார்த்தால், பயிற்சி விங்கில் நாற்பது அறைகள் இருக்கும். போட்டி விங்கில் நூறை ஒட்டி இருக்கும். நீள அகல விகிதம் பயிற்சி விங்கில் ஐந்தை ஒட்டியும் போட்டி விங்கில் ஏழரையை ஒட்டியும் வரும். மூன்று வரிசைக்குப் பதில் முன்னால் ஏ, பின்னால் பி என்று இரண்டே வரிசை லைன். லைன் குறைந்தால் காற்றின் இழுவை குறையும், அதனால் கிளைடு, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னால் போகும் தூரம், கூடும். பத்துக்கு ஒன்று என்ற கிளைடை இந்த விங்குகள் எளிதாகத் தாண்டுகின்றன. பின்விளிம்பை இழுக்கும் பிரேக்கைத் தொடாமல் விட்டால் மணிக்கு 40 கி.மீ. அளவில் போகும். வேகம் கூட்டும் கால்கட்டையான ஸ்பீடு பாரை முழுவதும் மிதித்தால் 60ஐத் தாண்டும். இந்த வேகத்துக்கெல்லாம் ஈடாக, தவறு செய்தால் விங் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

அண்ணா, நான் பி வகையில் நூறு மணி நேரம் பறந்துவிட்டேன். நேராகப் போட்டி விங்குக்கு மாறலாமா?

வேண்டாம் தம்பி. பியில் இருந்து சி, சியில் இருந்து இரண்டு வரிசை டி, அப்புறம் சிசிசி. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு முழு சீசன் இருங்கள். மணிக் கணக்கைவிட எனக்கு வேறு இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, மதிய நேரத்து முரட்டுத் தெர்மலில் (மேலெழும் வெப்பக் காற்றில்) இப்போதைய விங்கை மடியவிடாமல் பிடித்துவைக்க வருகிறதா? இரண்டு, தண்ணீருக்கு மேல் நடக்கும் எஸ்ஐவி என்ற ஆபத்துச் சமாளிப்புப் பயிற்சியில் முழு ஸ்டாலை (விங் பறக்கும் சக்தியை இழக்கும் நிலையை) செய்து, விங்கைப் பின்னால் நிறுத்தி, அமைதியாகத் திரும்ப எடுக்க வருகிறதா? நேபாளத்தில் பொக்காரா ஏரிப் பக்கம் இந்தப் பயிற்சி நடக்கிறது. சேலத்தில் இருந்து தூரம்தான், செலவும்தான். ஆனால் புது சிசிசி விங் ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டும் என்னும்போது, அதில் ஒரு பங்கை முதலில் பயிற்சிக்குப் போடுவதுதான் நியாயம்.

பழைய விங் வாங்கலாமா?

வாங்கலாம். நான் வாங்கியதும் பழையதுதான். அதில் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

வேறு மாநிலத்தில் ஒருவரிடம் வாங்கினேன். முப்பது மணி நேரம்தான் பறந்தது, ட்ரிம் (லைன் நீளங்களின் ஒழுங்கு) சரியாக இருக்கிறது என்று சொன்னார், நம்பினேன். முதல் சில டேக்ஆஃபில் விங் தலைக்கு மேல் வராமல் பின்னாலேயே தொங்கியது. காற்றில் ஏறிய பிறகும் கூடப் பறப்பவர்களைவிட மெதுவாகப் போனது. பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தாலே கையில் பாரம் குறைந்து போனது. என் கை சரியில்லை என்றுதான் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் லைன்களை அளந்து பார்த்தபோது பின் வரிசை சராசரியாக 18 மில்லிமீட்டர் குட்டையாகி இருந்தது. அதாவது விங் எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஸ்டாலுக்குப் பக்கத்திலேயே பறந்துகொண்டிருந்தது. இது தெரியாமல் ஒரு மாதம் அதில் உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது.

அதனால் யாரிடம் வாங்கினாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், லைன்களை அளந்து எழுதிய அளவுத்தாள் இல்லாமல் பறக்காதீர்கள்.

லைன் ஏன் நீளம் மாறுகிறது? அதை எப்படிச் சரிசெய்வது?

போட்டி விங்கின் லைன்களுக்கு மேலுறை கிடையாது. பெரும்பாலும் அராமிட் நூல். சில இடங்களில், குறிப்பாக பிரேக்கிலும் மேல் கிளைகளிலும், டைனீமா இருக்கும். அராமிட் நீளம் அதிகம் மாறாது. ஆனால் மடித்து மடித்து வைத்தாலும் வெயில் பட்டாலும் பலம் குறையும். டைனீமா பலமாகவே இருக்கும்; ஆனால் பாரம் விழாத இடத்தில் மெல்ல மெல்லச் சுருங்கும். முன் வரிசைதான் அதிகப் பாரம் தாங்குகிறது, அதனால் அது இழுபட்டு நேராக நிற்கும். பாரம் குறைந்த பின் வரிசை குட்டையாகும். மொத்தத்தில் விங் மெதுவாகிக்கொண்டே போகும்.

அளக்க வேண்டிய முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு நீளமான ஹால் போதும். கல்யாண மண்டபம் காலியாக இருக்கும் நாளில் நான் அளந்திருக்கிறேன். ரைசரை (லைன்களை இருக்கையோடு இணைக்கும் பட்டையை) ஒரு கொக்கியில் மாட்டி, ஒவ்வொரு லைனையும் ஐந்து கிலோ இழுவையில் பிடித்து, லேசர் அளவுக்கருவியால் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். இழுவை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இருப்பது முக்கியம். கையால் உத்தேசமாக இழுத்தால் எண்ணுக்கு மதிப்பே இல்லை. பிறகு தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிட வேண்டும். எல்லா லைனும் ஒரே மாதிரி ஐந்து மில்லிமீட்டர் குறைந்திருந்தால் கவலை இல்லை. முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் இடையிலும், இடதுக்கும் வலதுக்கும் இடையிலும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

லைன் ரைசரில் சேரும் மெயிலான் என்ற சிறு உலோக வளையத்தில் சுருக்குப் போட்டிருப்பார்கள். சுருக்கைக் கூட்டினால் லைன் சில மில்லிமீட்டர் குறையும், அவிழ்த்தால் நீளும். என் விங்கில் பின் வரிசைச் சுருக்குகளை அவிழ்த்ததில் பாதிக்கு மேல் சரியானது. மீதியை ஒரு சர்வீஸ் பட்டறைக்கு அனுப்பிச் செய்துகொண்டேன். திரும்பி வந்த விங் வேறு விங். டேக்ஆஃபில் அப்படியே எழுந்து வந்தது.

ஓர் எச்சரிக்கை: வேகம் வேண்டும் என்று பின் வரிசையை அளவுக்கு மேல் நீட்டாதீர்கள். மூக்கு தாழ்ந்து, முன்பக்கம் மடியும் விங்காக மாறிவிடும். தயாரிப்பாளர் தந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது லைன் போட்டால் முதல் பத்து இருபது மணி நேரத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் லைன் அதிகமாக மாறும்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

போட்டியில் பெரும்பாலோர் எடை வரம்பின் மேல் நுனியில்தான் பறப்பார்கள். வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு கூடும். 110 கிலோ வரை என்று எழுதியிருக்கும் விங்கில் நீங்கள் 100 கிலோ இருந்தால் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் மெதுவாகப் போவீர்கள். மற்றவர் 40இல் போகும்போது நீங்கள் 38. அதைவிட முக்கியமாக, எடை குறைந்தால் விங்கின் உள் அழுத்தமும் குறையும், மடிவதும் கூடும். குறையும் எடையைத் தண்ணீர்ப் பையால் நிரப்பலாம். ஆனால் ஐந்து ஆறு கிலோவுக்கு மேல் தண்ணீர் சுமக்க வேண்டி வந்தால் ஒரு சைஸ் சின்ன விங் எடுப்பதே நல்லது.

ஹார்னஸை வீட்டில் எப்படிச் சரிசெய்வது?

ஊஞ்சல் கொக்கி இருக்கும் வீடு என்றால் பாதி வேலை முடிந்தது. என் பாட்டி வீட்டு ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு கொக்கியில்தான் என் பாட் ஹார்னஸை, அதாவது காலை மூடும் பையுள்ள இருக்கையை, தொங்கவிட்டேன். முழு உடையோடு, கருவிகளோடு, ரிசர்வ் பாராசூட்டோடு ஒரு மணி நேரம் தொங்குங்கள். முதுகு எங்கே வலிக்கிறது என்று அப்போது தெரியும். மல்லாந்து படுத்த மாதிரி சாய்த்துக்கொண்டால் இழுவை குறையும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். அந்த நிலையில் விங் மடிந்து சுழன்றால் ரைசர் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். முதல் சீசனில் கொஞ்சம் நிமிர்ந்தே உட்காருங்கள். மார்புப் பட்டையின் அகலத்துக்கு விங்கின் கையேட்டில் எண் இருக்கும், அதையே வையுங்கள்.

தொங்கும்போதே ஸ்பீடு பாரையும் பாருங்கள். மிதிக்காதபோது ஏ ரைசரைத் துளியும் இழுக்கக் கூடாது. முழுவதும் மிதித்தால் ரைசரில் உள்ள இரண்டு கப்பியும் முட்ட வேண்டும். அப்படி முழுவதும் மிதித்த நிலையிலும் பிரேக் லைன் தளர்வாக இருக்க வேண்டும். இதைத் தரையில் விங்கை எழுப்பி நிறுத்தி, நண்பர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ரிசர்வ் கைப்பிடி. தொங்கிக்கொண்டே கண்ணை மூடி அதைத் தொட்டுப் பழகுங்கள். போட்டிக்காரர்கள் பலர் இரண்டு ரிசர்வ் வைத்திருப்பார்கள். இரண்டையும் தொடுங்கள், இரண்டு கையாலும்.

சேலத்தில் தரைப் பயிற்சிக்கு எங்கே போவது?

எனக்கு இந்தக் கேள்விதான் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதில் பாதி தரையில் கற்றதுதான். மலையேறாமல், பணம் செலவழிக்காமல், சேலத்திலேயே, ஆடிக் காற்று நாட்கள் தவிர, வருடம் முழுக்கச் செய்யக்கூடிய பயிற்சி இது ஒன்றுதான். போட்டி விங் தரையில் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியேதான் மேலேயும் நடந்துகொள்ளும்.

கோடையில் வறண்ட ஏரிதான் நல்ல இடம். காலை எட்டு மணிக்கு முன்னால் அல்லது மாலை நாலரைக்குப் பிறகு. இறங்கும் முன் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும். விங் திடீரென்று எழும்பினால் மாடு மிரளும்.

பெரிய எதிரி முள். சீமைக் கருவேலம் தெரியும் இடத்தில் எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நெருஞ்சிதான் கெடுதல் செய்யும். உறை இல்லாத லைன் அதில் சிக்கினால் நூல் பிரிந்துவிடும். நான் கையோடு தார்ப்பாய் கொண்டுபோய், அதன் மேல்தான் விங்கின் நடுப்பகுதியை விரிப்பேன். செம்மண் தூள் அறைகளுக்குள் போனால் துணியை உள்ளிருந்து அரிக்கும். பயிற்சி முடிந்ததும் விங்கைத் தலைகீழாகப் பிடித்து உதற வேண்டும்.

என்ன பயிற்சி? பிரேக்கை விட்டுவிட்டு ஏ, பி ரைசரை மட்டும் பிடித்து விங்கைத் தலைக்கு மேல் நிறுத்துங்கள். முதல் வாரம் பத்து விநாடிகூட நிற்காது. ஒரு மாதத்தில் ஐந்து நிமிடம் நிற்கும். அப்போது பி ரைசரில் விரல் அளவு இழுத்தால் விங் என்ன செய்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

ஏற்காடு பகோடா பாயிண்டில் இருந்து பறக்கலாமா?

பறக்காதீர்கள். அது பார்வையாளர் கூட்டம் நிற்கும் இடம், ஓடி எழ இடம் இல்லை, பாறை விளிம்பு, கீழே காடு. சேர்வராயன் சரிவில் பெரும்பகுதி காப்புக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே எதுவும் செய்யக் கூடாது. மரத்தில் மாட்டினால் மீட்க வருபவர்கள் காட்டெருமை நடமாடும் இடத்தில் நடந்து வர வேண்டும். அதோடு ஓமலூர் அருகே காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது, பயணிகள் விமானம் வந்து போகிறது. அந்த வான்வெளியில் அனுமதி இல்லாமல் நுழைவது எல்லோருக்கும் ஆபத்து.

2022இல் தேசிய வான்விளையாட்டுக் கொள்கை வந்தபோது பாராகிளைடிங்கும் அதில் இடம்பெற்றது. நம் மலையிலும் முறைப்படி ஒரு தளம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை பறப்பதற்கு ஹிமாச்சலின் பீர் பில்லிங், மகாராஷ்டிரத்தின் காம்ஷேத், கேரளத்தின் வாகமண் என்று வெளியே போகத்தான் வேண்டும்.

அப்படியென்றால் சேர்வராயன் மலையால் என்ன பயன்?

வானிலை படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சேலம் கடல் மட்டத்தில் இருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500ஐ ஒட்டி. காய்ந்த காற்று மேலே ஏறும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து டிகிரி குளிரும். மதியம் ஏற்காடு பஸ்ஸில் ஏறும்போது அடிவாரத்தில் ஒரு முறையும், இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே இறங்கியதும் ஒரு முறையும் நிழலில் வெப்பநிலை எடுங்கள். வித்தியாசம் பதினொன்றை ஒட்டி இருந்தால் காற்று நன்றாகக் கலந்திருக்கிறது, தெர்மல் தாராளமாக ஏறும். ஏழுதான் இருந்தால் நடுவில் எங்கோ தெர்மலைத் தடுக்கும் ஒரு மூடி இருக்கிறது.

மேக அடியையும் கணக்கிடலாம். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்குங்கள். பிப்ரவரி மதியம் சேலத்தில் 33 டிகிரி, பனிநிலை 16 என்றால் வித்தியாசம் 17, அதாவது தரையில் இருந்து 2,125 மீட்டரில் மேகம் தொடங்கும். சேர்வராயன் கோயில் உச்சிக்கும் மேலே எழுநூறு மீட்டர் கூட இருக்கும். கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்து பாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

மாதங்களைச் சொன்னால்: ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு, தெர்மல் ஒழுங்கு. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மலைக்கு மேல் இடிமேகம் திரளும். அந்த மேகம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பறக்கக் கூடாத நாள் அது. ஆடிக் காற்றில் தரைப் பயிற்சிகூட வேண்டாம். பருந்துகள் வட்டமிடுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலையை மட்டும் வருடம் முழுக்கச் செய்யலாம்.

டேக்ஆஃபில் எதைக் கவனிக்க வேண்டும்?

விங்கை நன்றாக வளைத்து, பிறை போல விரியுங்கள். நடுப்பகுதி முதலில் காற்று பிடித்து எழ வேண்டும், நுனிகள் பின்னால் வர வேண்டும். நுனியில் லைன் சிக்கல் இருந்தால் எழுப்பாதீர்கள், நடந்து போய்ச் சரிசெய்யுங்கள். எழும்போது முன்னால் பாய்ந்தால் பிரேக்குக்குப் பதில் பி ரைசரால் தடுங்கள்.

ஸ்பீடு பாரில் எப்படிப் பறப்பது? பிரேக்கைத் தொடக் கூடாது என்கிறார்களே?

உண்மைதான், காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வேகமாகப் போகும்போது பிரேக்கை இழுத்தால் விங்கின் பின்விளிம்பு மட்டும் கீழே மடங்கும். அழுத்த மையம் பின்னால் நகர்ந்து மூக்கு கீழே இறங்கப் பார்க்கும். காப்பாற்ற இழுத்த பிரேக்கே முன்பக்கத்தை மடக்கிவிடும். இரண்டு வரிசை விங்கில் பி ரைசரை இழுத்தால் அப்படி இல்லை. வடிவம் பெரிதாகக் கெடாமல் விங் முழுவதும் மூக்கைச் சற்றுத் தூக்கும். அதனால்தான் வேகத்தில் நம் கை எப்போதும் பி கைப்பிடியில் இருக்கிறது.

கை என்ன செய்கிறது என்று சொல்வது கஷ்டம், முயற்சி செய்கிறேன். நேர்க் கிளைடில் போகும்போது பி ரைசரில் ஒரு பாரம் தெரியும். முழங்கை மடக்கிக் காய்கறிப் பை பிடித்த மாதிரி. காற்று கலங்கினால் முதலில் அந்தப் பாரம் மாறும், விங் அசைவது அப்புறம்தான். பாரம் குறைந்தால் காலைத் தளர்த்துங்கள். அந்த நொடியிலேயே பியைக் கொஞ்சம் இழுங்கள். பாரம் திரும்பினால் விட்டுவிட்டு மறுபடி மிதியுங்கள். காலும் கையும் சேர்ந்து தையல் மெஷின் ஓட்டுவது போல வேலை செய்யும். பியை இழுத்தே பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்டாலாகும், அதையும் மறக்காதீர்கள்.

முதல் பத்து மணி நேரம் பாரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிதிக்காதீர்கள், தரைக்குப் பக்கத்தில் மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

விங் மடிந்துவிட்டால்?

ஸ்பீடு பாரில் இருந்து காலை எடுங்கள், அதுதான் முதல் வேலை. அடுத்து, திறந்திருக்கும் பக்கத்தை அளவாகப் பிடித்துத் திசையைக் காப்பாற்றுங்கள். அதிகமாகப் பிடித்தால் அந்தப் பக்கம் ஸ்டாலாகி விங் சுழலும் (ஸ்பின்), பலர் தவறுவது இங்கேதான். நீளமான விங் என்பதால் நுனி லைனுக்குள் சிக்கிக்கொள்ளும் கிராவாட் அடிக்கடி வரும். நுனிக்குப் போகும் ஸ்டபிலோ லைனை இழுத்து வெளியே எடுக்கலாம். அந்த லைனின் நிறத்தைத் தரையிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சுழற்சி தொடங்கி 200 மீட்டருக்குக் கீழே இருந்தால் சரிசெய்யப் பார்க்காமல் ரிசர்வை எறியுங்கள். இறுகிய ஸ்பைரலில் (சுருள் போலச் சுழன்று இறங்குவதில்) விநாடிக்கு 20 மீட்டர் இறங்குவது சாதாரணம். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உள்ள உயரம் முழுவதும் ஒரே நிமிடத்தில் தீர்ந்துபோகும் வேகம் அது.

இறங்கும்போது ஏன் எல்லோரும் திணறுகிறார்கள்?

விங் இறங்கவே மாட்டேன் என்பதால்தான். 50 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் ஐந்நூறு மீட்டர் போகும். அவ்வளவு நீளத்துக்கு நம் ஊர் வயலில் தென்னை இருக்கும், மின்கம்பி இருக்கும், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும். அதனால் வயலைத் தேர்ந்தெடுக்கும்போதே அகலத்தைவிட நீளத்தைப் பாருங்கள். உயரத்தைக் குறைக்க எட்டு போட்டுக்கொண்டே வாருங்கள். நூறு மீட்டர் இருக்கும்போதே ஹார்னஸின் பாட் பையில் இருந்து காலை வெளியே எடுத்து நிமிர்ந்துவிடுங்கள். விங்கின் இரு நுனிகளையும் (காதை) மடக்கி இறங்கும் பழக்கம் பல இரண்டு வரிசை விங்கில் உதவாது. வேகத்தைக் குறைக்கச் சிறிய இழுவைப் பாராசூட் வைத்திருப்பவர்களும் உண்டு.

போட்டி எப்படி நடக்கும்?

ஜிபிஎஸ்ஸில் வரையப்பட்ட கற்பனை உருளைகளைத் தொட்டுக்கொண்டு இலக்குக்கு யார் முதலில் வருகிறார் என்பதுதான் போட்டி. பீர் பில்லிங்கில் 2015இல் உலகக் கோப்பைச் சுற்று ஒன்று நடந்தது, நம் நாட்டிலேயே பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. தொடக்க நேரத்துக்கு முன் எல்லோரும் ஒரே தெர்மலில் ஒரே திசையில் சுற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். முதல் போட்டியில் அந்தக் கூட்டத்தின் ஓரத்திலேயே இருங்கள். இலக்கை எட்டுவதை மட்டும் நினையுங்கள், இடத்தை நினைக்காதீர்கள்.

விங்கை எப்படி மடித்து வைப்பது? சேலம் வெயிலுக்கு ஏதாவது தனி முறை உண்டா?

முன்விளிம்பில் மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. அவை வளைந்தால் டேக்ஆஃப் கெடும், கிளைடும் குறையும். அறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக, ஆர்மோனியத் துருத்தி போல அடுக்கி, நீளப் பையில் வைத்து, மூன்று மடிப்பாக மடியுங்கள். இறுக்க வேண்டாம். ஈரம் இருந்தால் நிழலில் காயவிடுங்கள். மே மாதத்தில் பூட்டிய காரில் விட்டுப் போகவே கூடாது. வீட்டில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையைத் தவிர்த்துக் கீழ்த்தளத்தில் வையுங்கள், எலி வராத இடமாக.

சேலத்தில் இருந்து டெல்லிக்கு ரயிலில் போகும்போது என் விங் மேல் பெர்த்தில் என் பக்கத்தில்தான் வரும். பை மெத்தென்று இருக்கிறதே என்று தலைக்கு வைத்துக்கொள்ளத் தோன்றும். வைக்காதீர்கள், தலையின் பாரத்துக்கே கம்பி வளையும்.